கடைக்கும் வீட்டுக்கும் ஒரே கார்: வாங்குமுன் கணக்குப் பார்ப்போம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளம் போன்ற ஊர்களில் கடை வைத்திருக்கும் நம்மவர்களின் நிலை வாசகர்கள் அறியாததல்ல. விடியற்காலையில் காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். வாரம் ஓரிரு முறை மொத்தக் கடைக்குப் போய் மளிகை எடுக்க வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளும்போது ஊர் கொள்ளாத கூட்டம் வரும். அதற்கு முன்னதாகவே சரக்கு வந்து சேர வேண்டும். இதற்கிடையே வீட்டில் வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். உறவினர் திருமணத்துக்குச் சென்னைக்கோ வந்தவாசிக்கோ போய்வர வேண்டும். கடைக்கு ஒரு வண்டி, வீட்டுக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? ஆகவே சிறு வணிகர்களில் பலர் பழைய கார் ஒன்றை வாங்கி, இரண்டு வேலைக்கும் அதையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணுகிறார்கள். எண்ணம் தவறில்லை. ஆனால் வாங்கும் முறைதான் தவறாக இருக்கிறது.

நம் வட்டாரத்து மளிகை வியாபாரி ஒருவர், லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கும் என்று தரகர் சொன்னதை நம்பி ஒரு டீசல் கார் வாங்கினார். டிக்கி ஆழமாகத்தான் இருந்தது. அதன் வாய் சிறியது. உயரமான அட்டைப்பெட்டி உள்ளே போகவில்லை. எண்ணெய் டின்கள் பின் இருக்கைக்கு ஏறின. குடும்பத்துக்கென்று வாங்கிய காரில் சரக்கு வந்தது. குடும்பம் பேருந்தில் வந்தது. ஓராண்டுக்குள் இன்ஜெக்டர் பழுதானது. டீசலில் மிச்சம் பிடித்ததெல்லாம் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தது. நூறு ரூபாய் சரக்கு வாங்கும்போது நான்கு கடை விசாரிக்கும் நாம், லட்சக்கணக்கில் பணம் போடும்போது தராசைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

மைலேஜ் மயக்கம்

முதலில் எரிபொருள் கணக்கு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் மற்றொன்று 15 கிலோமீட்டரும் ஓடுகின்றன. மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முதல் காரில் 5000 ரூபாயும் இரண்டாவதில் ஏறத்தாழ 6670 ரூபாயும் செலவாகும். ஆண்டுக்குச் சுமார் 20,000 ரூபாய் வித்தியாசம். அதிக மைலேஜ் காருக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அது திரும்பி வர ஐந்து ஆண்டுகள் ஆகும். மாதம் 400 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கோ ஆண்டுக்கு மிச்சம் 8000 ரூபாய்தான்; போட்ட பணம் திரும்பப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் காரே தேய்ந்துவிடும். ஆகவே நாம் மாதம் எவ்வளவு தூரம் ஓடுகிறோம் என்பதைக் கடைக் கணக்கு நோட்டில் மூன்று மாதம் குறித்துவைத்த பிறகே கார் பார்க்கக் கிளம்ப வேண்டும்.

குறைவாக ஓடுகிறவருக்கு டீசல் கார் வேண்டாம் என்பது நம் கருத்து. மாருதி நிறுவனம் 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. சந்தையில் இருக்கும் அதன் டீசல் கார்கள் எல்லாம் அதற்கு முந்தையவை. சி.என்.ஜி. கார் எரிபொருள் செலவைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலான பழைய சி.என்.ஜி. கார்களில் சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். சரக்கு இடத்துக்காகக் கார் வாங்குகிறவர் இதை மறந்துவிடக் கூடாது. சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சோதனைச் சான்று வேண்டும், சி.என்.ஜி. பொருத்தியது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கவும் வேண்டும்.

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல கார்கள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. மைலேஜ் சிறிது குறையும். பழைய ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டியும் வரலாம். விலை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவோம்.

எந்தக் கார்?

ஒரு காலத்தில் நம் கடைத்தெருக்களில் மாருதி ஆம்னிதான் ராஜா. 1984ல் மாருதி வேனாக வந்து, 2019ல் உற்பத்தி நின்றுபோனது. இன்று கிடைப்பவை பழையவை. பாதுகாப்பு வசதி மிகக் குறைவு. மலிவாகக் கிடைக்கிறதே என்று குடும்பத்தை அதில் ஏற்றுவதை நாம் ஆதரிக்க மாட்டோம். 2019 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக்கும், அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் கட்டாயமாயின. எனவே, கூடுமானவரை 2019 ஜூலைக்குப் பின் தயாரான காரையே பாருங்கள்.

ஆம்னியின் இடத்தில் இருப்பது 2010ல் வந்த ஈக்கோ. தள்ளு கதவு மார்க்கெட் சந்துகளில் பெரும் வசதி. ஐந்து இருக்கை வண்டியில் பின்னால் தாராளமாக இடம் உண்டு. நீண்ட பயணத்தில் சத்தமும் குலுக்கலும் இருக்கும். வேகன் ஆர் காரின் 2019ஆம் ஆண்டு மாடலில் டிக்கி 341 லிட்டர். கூரை உயரம், பின் இருக்கையை மடிக்கலாம், பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம். நான்கைந்து பேர் குடும்பத்துக்கு எரிபொருள், இடம், விலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதற்கே நம் ஓட்டு. குடும்பம் பெரியதானால் 2019ல் வந்த ரெனோ டிரைபர் உண்டு. கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வைத்தால் 625 லிட்டர் இடம் கிடைக்கும். இருக்கைகள் இருக்கும்போது 84 லிட்டர்தான். அதன் என்ஜின் 999 சி.சி.; முழுச் சுமையோடு வேகமெடுக்கத் திணறும். இன்னும் வசதி வேண்டுவோருக்கு எர்டிகா இருக்கிறது. அதற்குப் பழைய கார் சந்தையிலும் விலை இறங்குவதில்லை.

இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்ட நிறுவனங்களின் கார்கள் ஆசை காட்டும் விலையில் வரும். செவர்லே 2017லும் டட்சன் 2022லும் விடைபெற்றன. ஃபோர்டு 2021ல் இங்கே கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. உதிரிபாகம் எங்கே கிடைக்கும், யார் பழுது பார்ப்பார் என்று நம் ஊர் மெக்கானிக்கைக் கேட்டுவிட்டே அவற்றின் அருகில் போக வேண்டும்.

லிட்டர் கணக்கை மட்டும் நம்பவும் வேண்டாம். கார் பார்க்கப் போகும்போது நாம் வழக்கமாக ஏற்றும் அட்டைப்பெட்டி ஒன்றையும் காலி எண்ணெய் டின் ஒன்றையும் எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். விற்பவர் சிரிக்கலாம், சிரித்துவிட்டுப் போகட்டும்.

எடையும் காப்பீடும்

இடம் இருக்கிறது என்பதால் எடை ஏற்றலாம் என்று பொருளல்ல. சிப்ஸ் மூட்டை, பிஸ்கட் பெட்டி, பட்டுச்சேலைக் கட்டு ஆகியவை இடத்தை அடைக்கும், எடை குறைவு. அரிசி, சர்க்கரை, எண்ணெய் அப்படியல்ல. 25 கிலோ அரிசி மூட்டை நான்கு என்றால் 100 கிலோ. ஏறத்தாழ ஒன்றரை ஆள் எடை. ஐந்து பேரும் உட்கார்ந்து, நான்கு மூட்டையும் ஏற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பின் டயர் சூடாகும். முன் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றை நம்மில் பலர் படித்தே பார்த்ததில்லை. அதுதான் காப்பீட்டுப் பத்திரத்தில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதி. தனியார் கார் பாலிசியில் வாடகைக்கு ஓட்டுவதும், மாதிரிப் பொருட்களும் சொந்த லக்கேஜும் தவிர்த்த சரக்கை ஏற்றுவதும் விலக்கப்பட்டுள்ளன. மூட்டை மூட்டையாகக் கடைச் சரக்கு ஏற்றி வரும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீடு மறுக்கப்படும் அபாயம் இருக்கிறது. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவிட்டு, தேவைப்படும் நேரத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்க நேரிடும். இருக்கையைக் கழற்றிவிட்டுக் காரைச் சரக்கு வண்டியாக்குவது இன்னும் ஆபத்து.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: கனமான சரக்குக்குக் காரை நம்ப வேண்டாம். 2005ல் வந்து, குட்டி யானை என்று பெயரெடுத்த சிறு சரக்கு வண்டிகள் இன்று எல்லா ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரே தெருவில் இருக்கும் மூன்று கடைக்காரர்கள் ஒரே நாளில் சரக்கு எடுத்து வாடகையைப் பகிர்ந்துகொண்டால், காரின் தேய்மானத்தைவிட அது குறைவாகவே வரும். காரைக் குடும்பத்துக்கும் குடும்பத்தின் மூட்டை முடிச்சுகளுக்கும் வைத்துக்கொள்வோம்.

காகிதமும் சரக்குதான்

வண்டி எண்ணைக் கொண்டு பரிவாகன் தளத்தில் உரிமையாளர் எத்தனையாவது கை, காப்பீடு எதுவரை, அபராதம் நிலுவையில் உள்ளதா என்று பார்க்கலாம். ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸ் நமக்கு வராது. புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகத் தெரியும். படிவம் 28 பெற்று, இங்கே ஆயுள் வரியும் கட்டிய பிறகு மலிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து ஆண்டு முடியும் தறுவாயில் உள்ள காருக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600லிருந்து 5000 ரூபாயாக உயர்ந்துள்ளது. பசுமை வரி தனி.

வரி விஷயத்திலும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதுக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, அதன் மேல் இருந்த செஸ் வரியும் நீங்கியது. புதுக் கார் விலை இறங்கும்போது பழைய காருக்கு மட்டும் பழைய விலையா என்று தாராளமாகக் கேட்கலாம். வாங்கும் காரின் ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வைப்போம். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர், தேய்மானம் காட்டிய தன் பழைய காரை விற்கும்போது, கணக்குப் புத்தக மதிப்புக்கு மேல் கிடைக்கும் தொகைக்கு 18 சதவீத வரி உண்டு. ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விற்பது நல்லது.

நம் வேண்டுகோள்

காப்பீட்டு நிறுவனங்களுக்கும் அரசுக்கும் ஒரு கோரிக்கை. சொந்தக் கடைக்குச் சொந்தச் சரக்கைச் சிறு அளவில் சொந்தக் காரில் கொண்டுவரும் வணிகன் வாடகை ஓட்டுபவன் அல்ல. எடைக்கு ஒரு வரம்பு வைத்து, நியாயமான கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு, அவனுக்கும் பாதுகாப்புத் தரும் ஒரு வழி வேண்டும். மறைத்து ஏற்றி, பயந்து ஓட்டும் நிலை யாருக்கும் நல்லதல்ல.

நம் சங்கமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை அமர்த்தி, உறுப்பினர்கள் வாங்க நினைக்கும் கார்களைப் பார்த்துச் சொல்லச் செய்யலாம். அவருக்குக் கொடுக்கும் சில நூறு ரூபாய், தவறான கார் வாங்கி இழக்கும் சில பத்தாயிரங்களைக் காக்கும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உறுப்பினர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.