கப்பலில் பல் வெளுக்கலாமா?

"சித்தப்பா, கப்பலிலேயே பல்லை வெளுத்துக்கொண்டு வரட்டோ?"

இலண்டனிலிருந்து என் பெறாமகள் தொலைபேசியில் கேட்டாள். சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறிக் கொழும்பில் இறங்குகிறாள். வெள்ளவத்தையில் தங்கையின் திருமணம். படத்தில் சிரிப்பு வெண்மையாக விழவேண்டுமாம்.

வேண்டாம் என்றேன். காரணம் உண்டு.

பல்லை வெளுப்பது ஐதரசன் பேரொட்சைட்டு என்னும் இரசாயனம். சூத்தையோ முரசு நோயோ இருப்பின் வலி கடுமையாகும். ஆகவே முதலில் வாயைப் பரிசோதிக்க வேண்டும். பல்லின் அடைப்போ எதற்கும் வெளுக்காது. கொட்டாஞ்சேனை வீட்டுப் படியில் சிறுவயதில் விழுந்து உடைத்த முன்பல்லை அவள் மறந்துவிட்டாள்; நான் மறக்கவில்லை. மற்றவை வெளுக்க, அந்த அடைப்பு மட்டும் பழுப்பாய் நிற்கும்.

அவள் வாழும் பிரித்தானியாவில், பதிவுபெற்ற பல் வைத்தியத் துறையினரன்றி வேறெவரும் இதைச் செய்வது சட்டவிரோதம். மருந்தின் செறிவும் 6 சதவீதத்தைத் தாண்டலாகாது. கப்பலில் இதனைப் பெரும்பாலும் அழகு நிலையப் பணியாளரே செய்கின்றனர். நடுக்கடலில், வேற்று நாட்டுக் கொடியின் கீழ், அந்தச் சட்டம் துணைக்கு வராது.

துறைமுகத்தின் அயலில் வளர்ந்தவன் நான். காலையில் வந்த கப்பல் மாலையில் போய்விடும். மறுநாள் பல் கூசினால் யாருடைய கதவைத் தட்டுவது?

"புறப்படுமுன் உன் பல் வைத்தியரிடம் போ, பிள்ளை. நேரமில்லையென்றால் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வா. தேநீர்க் கறை பெரும்பாலும் அதிலேயே போய்விடும்."

கடலைப் பார்க்கத்தானே கப்பல்?