ஒரு பாருக்கு ஒரே எண்: துறைமுகத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

வ.உ.சிதம்பரனார் துறைமுக ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,



தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை 11 அன்று. அன்றுமுதல் அது வளர்ந்தபடியே இருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று வெளித்துறைமுகச் சரக்குப்பெட்டக முனையத்துக்கும் அடிக்கல் நாட்டியாயிற்று. அலைதடுப்புச் சுவர், தூர்வாரல், புதிய தளம் என்று இனி எது வந்தாலும் அதற்கு முன்னும் பின்னும் சுற்றுச்சூழல் அறிக்கைகள் எழுதப்படும். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும். அந்த அறிக்கைகளுக்கான வார்ப்புருவைத் துறைமுகமே உருவாக்கி வைத்துக்கொண்டு, அதன்படிதான் எழுத வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனை விதிக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நீண்ட தொழில்நுட்ப அறிக்கைகளைத் தொகுத்துச் செம்மைப்படுத்துவது என் தொழில். குடியிருப்பதும் இந்தக் கரையில்தான். வார்ப்புரு என்று நான் சொல்வது அட்டையையும் எழுத்துருவையும் மட்டுமல்ல. இயல்களின் வரிசை, தலைப்புகளின் எண், அட்டவணையின் பத்திகள், அளவுகளின் அலகு, இடப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் கோப்பு அது. வாசகர் தேடும் செய்தி ஐந்து நிமிடத்தில் கிடைக்குமா, ஐந்து நாளானாலும் கிடைக்காதா என்பதை அந்தக் கோப்புதான் முடிவுசெய்கிறது.

2006 செப்டம்பர் 14-ஆம் நாளைய சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, அறிக்கைக்குப் பன்னிரண்டு இயல்களை வகுத்திருக்கிறது. மூன்றாம் இயலில் இப்போதுள்ள சூழல், நான்கில் வரக்கூடிய பாதிப்பும் அதைக் குறைக்கும் வழியும், ஆறில் கண்காணிப்பு, பத்தில் மேலாண்மைத் திட்டம் வர வேண்டும். இது நல்ல எலும்புக்கூடு. ஆனால் அது நாடு முழுமைக்கும் பொதுவானது; அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் ஒன்றே. இயலுக்குள் எதை எந்த வரிசையில், எந்த எண்ணில் சொல்வது என்பது அறிக்கை எழுதும் நிறுவனத்தின் விருப்பம். நிறுவனம் மாறினால் அந்த ஒழுங்கும் மாறிவிடும்.

இதனால் என்ன நேர்கிறது என்று பாருங்கள். தூத்துக்குடியின் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் ஒருவர், தாம் முங்கும் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, என்ன ஆகும் என்று அறிய விரும்புகிறார். மூன்றாம் இயலில் 'கடல்வாழ் உயிரினங்கள்' என்ற தலைப்பின்கீழ் அந்தப் பார் ஒரு வரியில் வருகிறது. நான்காம் இயலில் அதே செய்தி 'நீரின் தரம்' என்பதற்குள் போய்விடுகிறது. பத்தாம் இயலில் 'பசுமை நடவடிக்கைகள்' என்ற பொதுத் தலைப்பில் கரைந்துவிடுகிறது. எதுவும் மறைக்கப்படவில்லை. ஆனாலும் தேடியவருக்குக் கிடைக்கவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. மூன்றாம் இயலில் ஒரு பாருக்கு 14 என்று எண் கொடுத்தால், அதற்கு வரும் பாதிப்பு 4.14-லும், கண்காணிப்பு 6.14-லும், காக்கும் ஏற்பாடு 10.14-லும் இருக்க வேண்டும். பாதிப்பு இல்லையென்றால் அந்த இடத்தை நீக்கிவிடாமல், 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக் காரணமும் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரே எண் என்ற இந்த விதிதான் நான் கேட்கும் வார்ப்புருவின் முதுகெலும்பு. சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தபின் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இருமுறை தர வேண்டிய நிபந்தனை நிறைவேற்ற அறிக்கைகளிலும் அதே எண்ணே தொடர வேண்டும். அப்போதுதான் முதல் அறிக்கையில் தந்த வாக்கு பத்தாம் ஆண்டில் என்ன ஆயிற்று என்று எவரும் கேட்க முடியும். நீங்களும் தயங்காமல் பதில் சொல்ல முடியும்.

இந்தக் கடலுக்கு இத்தகைய எண் ஒழுங்கு புதிதும் அல்ல. 1902-இல் இலங்கை அரசுக்காக மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பிப் பார்களை ஆராய விலங்கியலாளர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் வந்தார். ஜேம்ஸ் ஹார்னெல் அவருக்கு உதவியாளராக வந்தார். 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டி வெளியிட்ட அந்த அறிக்கை ஐந்து பாகங்கள் கொண்டது. பார்களைப் பற்றிய பொது விவரிப்பு ஒரு பகுதி. பல்வேறு உயிரின வகைகளைப் பற்றி வெவ்வேறு அறிஞர்கள் எழுதிய துணை அறிக்கைகள் இன்னொரு பகுதி. துணை அறிக்கைகளுக்குப் பாகம் மாறினாலும் மாறாத தொடர் எண் இடப்பட்டது. எழுதியவர்கள் பலர், நூல் ஒன்றாகவே நின்றது. பின்னர் ஹார்னெல் மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய அறிக்கை 1922-இல் சென்னை மீன்வளத் துறையின் வெளியீடாக வந்தது. நம் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன்பின் பார்கள் ஏன் வெறுமையாயின என்று ஆராய்கிறவர்கள் இன்றும் அந்தப் பழைய பக்கங்களைத்தான் புரட்டுகிறார்கள். நாம் இப்போது எழுதும் அறிக்கைகளையும் 2100-இல் ஒருவர் புரட்டுவார் என்ற நினைப்போடு அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும்.

இந்தக் கரைக்கென்றே வார்ப்புருவில் சேர வேண்டியவை சில உண்டு.

முதலாவது, இடப்பெயர்ப் பட்டியல். தொல்லாயிரம் பார், நகரப் பார் போன்ற பார்களும், வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, மூழ்கிப்போன விலாங்குசல்லி ஆகிய தீவுகளும் ஆங்கில அறிக்கைகளில் பல எழுத்துக்கூட்டலில் வருகின்றன. ஓர் இடம் இரண்டாகத் தோன்றுகிறது. கணினியில் தேடினால் பாதிதான் அகப்படுகிறது. தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல், அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை ஒருமுறை நிர்ணயித்து எல்லா அறிக்கைகளுக்கும் அதையே இணைப்பாக்கலாம்.

இரண்டாவது, அளவு. ஆழத்தை மீட்டரில் எழுதும்போது பக்கத்திலேயே பாகத்திலும் எழுத வேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் கணக்கு பாகம்தான். தீவின் பரப்பைச் சொன்னால் ஓதத்தின் எந்த நிலையில் அளந்தது என்பதற்குத் தனிப் பத்தி வேண்டும். வான் தீவு சுருங்கி, அதைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்ட கரை இது. வற்று நீரில் எடுத்த அளவையும் ஏற்று நீரில் எடுத்த அளவையும் ஒப்பிட்டால் தீவு வளர்ந்ததா தேய்ந்ததா என்றே தெரியாது.

மூன்றாவது, பருவம். மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவைக் கொண்டு அறிக்கை எழுதுவது வழக்கமாக இருக்கிறது. நமக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜூன், ஜூலையில் காற்றுதான் கடுமை. வாடைக் காற்றில் ஒரு பக்கம் ஓடும் நீரோட்டம் சோழகத்தில், அதாவது தென்காற்றில், வேறு பக்கம் திரும்புகிறது. தூர்வாரும்போது கலங்கும் சேறு எந்தப் பாரில் போய்ப் படியும் என்பது அதைப் பொறுத்தது. பாறையைப் பற்றி வாழும் சிப்பிக்கு மேலே படியும் வண்டல் உயிர்ப் பிரச்சினை. ஆகவே ஒவ்வொரு தரவுக்கும் தேதியும் காற்றும் எழுதும் பத்திகள் வார்ப்புருவிலேயே இருக்கட்டும்.

நான்காவது, தமிழ். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் முப்பது நாள் அவகாசம் உண்டு. அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியிலும் தரப்பட வேண்டும். ஆனால் அது பத்துப் பக்கத்துக்குள் அடங்க வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே நிற்கிறது. சட்டம் கேட்பது குறைந்த அளவு; அதைவிடக் கூடுதலாகச் செய்யத் தடையில்லை. மூன்று, நான்கு, பத்து ஆகிய இயல்களையாவது முழுதாகத் தமிழில் தாருங்கள். தமிழ்ச் சுருக்கத்தின் ஒவ்வொரு பத்தியிலும் மூல அறிக்கையின் பிரிவு எண் இருக்கட்டும். ஒருங்குறி எழுத்துருவே கட்டாயம் என்றும் விதியுங்கள். ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் அடித்து, படமாக ஸ்கேன் செய்து ஏற்றிய பக்கத்தில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது.

இவற்றைக் கோப்பாக வைத்துக்கொள்வதும் கடினமல்ல. ஓர் இயலுக்கு ஒரு கோப்பு, எல்லாவற்றையும் கோக்கும் தாய்க்கோப்பு ஒன்று, இணைப்புகளுக்குத் தனி உறை. தலைப்பு எண்ணும் குறுக்குக் குறிப்பும் கையால் அடிக்கப்படாமல் தானாக வர வேண்டும். இல்லையேல் கடைசி நேரத்தில் ஒரு பிரிவைச் சேர்த்ததும் எண்களெல்லாம் பிசகிவிடும். வார்ப்புருவுக்கும் பதிப்பு எண்ணும் தேதியும் வேண்டும். அதைத் திருத்தும் அதிகாரம் துறைமுகத்தில் ஒரே ஓர் அலுவலரிடம் இருக்க வேண்டும். அட்டவணைகளின் மூலத் தரவைத் தனிக் கோப்புகளாக வாங்கித் துறைமுகமே காக்க வேண்டும்.

ஆலோசனை நிறுவனங்களுக்குத் தங்கள் சொந்த வடிவம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். பணம் கொடுப்பது துறைமுகம். வேலை எப்படி வர வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அதற்கே. செலவு கூடும் என்றும் சொல்வார்கள். முதல் அறிக்கைக்குக் கூடும். அடுத்ததிலிருந்து தொகுப்பவர், சரிபார்ப்பவர், பதில் எழுதுபவர் எல்லாருக்கும் வேலை குறையும்.

எனவே என் வேண்டுகோள் இது. அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு முன் வரைவு வார்ப்புரு ஒன்றைத் தயாரியுங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தையும் மீன்வளக் கல்லூரியையும் அழையுங்கள். அதே மேசையில் திரேஸ்புரத்துச் சங்குகுளி தொழிலாளரும், நாட்டுப்படகு மீனவரும், உப்பளத் தொழிலாளரும் உட்காரட்டும். தங்களுக்கு வேண்டிய செய்தி எந்தப் பிரிவில், எந்த எண்ணில் வர வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். பிறகு அந்த வார்ப்புருவை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், டெல்லியின் அனுமதி வேண்டாம். தங்கள் கையொப்பம் ஒன்றே போதும்.

தங்கள் உண்மையுள்ள,
தூத்துக்குடியில் தொழில்நுட்ப அறிக்கைகளைச் செம்மைப்படுத்தும் ஒரு குடிமகன்