தாடைக்கு மட்டும் மரியாதை

வடக்கே ஒரு பண்ணையில் வேட்டையாடிய காட்டுப்பன்றியை வெஸ்ட்கேட் வீட்டுக் கராஜில் தொங்கவிட்டு, மயிரைப் பொசுக்கிச் சுரண்டினேன். வந்த நம்மவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். “உந்தப் பண்டியைச் சாப்பிடுவியளோ?”

அடுத்த கிழமை தாடையைப் பலகையில் பதித்துச் சுவரில் மாட்டினேன். அதே ஆட்கள் அதனருகே நின்று படம் எடுத்தார்கள். கோரைப்பல்லில் பாதிக்கு மேல் எலும்புக்குள் கிடக்கும். தாடையை அவித்தால்தான் கழலும். அந்த நாற்றத்துக்கு இறைச்சி எவ்வளவோ மேல்!

திண்ணனார் பன்றியைச் சுட்டு, மென்று பார்த்து, நல்ல துண்டைக் காளத்தியாருக்குப் படைத்த கதைக்குக் கண்கலங்குகிறவர்கள் இவர்கள். சுப்பர்மார்க்கெட் பேக்கன் சுத்தமாம், காட்டில் திரிந்தது அசுத்தமாம்.

வேட்டை இறைச்சியை நாங்களாக விற்க இங்கே சட்டம் விடாது, பகிரலாம். வன்னியில் அம்மா வத்தல் போட்டு அயலுக்கெல்லாம் கொடுத்தனுப்புவா. நான் பத்து வீட்டைக் கேட்டேன். இரண்டு வீடுதான் வாங்கியது.