மூட்டையை நாமும் சுமந்து பார்ப்போம்



மின்னணுத் தராசுக்கு ஆண்டு தவறாமல் முத்திரை வைத்துக் கொள்கிறோம். தவறினால் அபராதம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நம் உடம்புக்கு முத்திரை வைக்க எந்த ஆய்வாளரும் வருவதில்லை. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து, இரவு பத்து மணிக்கு இழுத்து மூடும் மளிகைக் கடைக்காரர் ஒரு நாளில் நடக்கும் தூரம் எவ்வளவு? அரிசி மூட்டைக்கும் கல்லாப் பெட்டிக்கும் இடையே உள்ள எட்டு அடிதான்.

எனக்குச் சர்க்கரை என்று 2009-இல் தெரிய வந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். கடைவீதியிலேயே நடந்தேன். பத்தடிக்கு ஒருவர் நிறுத்தி, "அண்ணாச்சி, துவரம்பருப்பு இறங்குமா?" என்று கேட்டார். பாக்கி வைத்திருந்தவர்கள் என்னைத் தூரத்தில் கண்டதும் சந்தில் திரும்பி வேகமாக நடந்தார்கள். என்னால் அவர்கள் உடம்புக்குத்தான் நல்லது நடந்தது.

நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலா பற்றிச் செயற்குழுவில் பேச்சு வரும்போதெல்லாம் பேருந்து, விடுதி, சமையல் மாஸ்டர் என்ற மூன்றைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. கொடைக்கானல் போவோம். ஏரியை வண்டியில் இருந்தபடியே ஒரு சுற்றுப் பார்ப்போம். சாக்லேட்டும் தைலமும் வாங்கி வருவோம். நம் கடையில் விற்கிற அதே தைலத்தை அங்கே கூடுதல் விலைக்கு வாங்கி வந்தவர்களும் உண்டு. அடியேனும் அதில் ஒருவன். அதற்குப் பதிலாக ஒரு முறையாவது சொந்த மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு நடந்து போய், ஓர் இரவு வெளியில் தங்கி வருவோம் என்று கூட்டத்தில் சொன்னேன். சிரித்தார்கள். ஆகவே எழுதுகிறேன்.

கூடாரம் போட்டுத் தங்குவது வெள்ளைக்காரன் பழக்கம், கல்லூரிப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். வியாபாரிக்கு அது பரம்பரைச் சங்கதி. சங்க இலக்கியத்தில் உமணர் என்று வருகிறார்களே, உப்பு வணிகர்கள், அவர்கள் வண்டிகளை வரிசையாக ஓட்டிக்கொண்டு நாள்கணக்கில் போனவர்கள். இரவில் மாடுகளை அவிழ்த்துவிட்டு, கல் கூட்டி அடுப்பு மூட்டி, அங்கேயே சமைத்துத் தூங்கினார்கள். அவர்கள் விட்டுப்போன அடுப்பைப் பற்றி அகநானூறு பேசுகிறது. வண்டியின் அடியில் ஒரு சேம அச்சையும் கட்டி வைத்திருப்பார்கள் என்று புறநானூறு சொல்கிறது. இருக்கிற அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. இன்று காரில் ஸ்டெப்னி வைக்கிறோமே, அதேதான். பிற்காலத்திலும் தென்மாவட்டங்களில் நாடார் உறவின்முறையினர் வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் அமைத்து, மகமை பிரித்து அவற்றை நடத்தினார்கள். வழியில் தங்கத் தெரியாதவன் அந்தக் காலத்தில் வியாபாரியே இல்லை.

பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக மலையேறினால் வெள்ளகவி என்ற ஊர். அதற்கு மேலே வட்டக்கானல், பிறகு கொடைக்கானல். நான் போன காலத்தில் வெள்ளகவிக்குச் சாலை கிடையாது. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் குதிரை முதுகில் ஏறும். காப்பியும் எலுமிச்சையும் அதே குதிரையில் இறங்கும். அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நெடுங்காலமாக என் கடையில் சரக்கு எடுப்பவர். பைசாவுக்குப் பைசா பேரம் பேசுவார். ஒருநாள் நான் சலித்துக்கொண்டபோது, "மொதலாளி, ஒரு தடவை எங்க ஊருக்கு நடந்து வாங்க. நான் எதுக்குப் பேரம் பேசுறேன்னு தெரியும்" என்றார்.

2017 தை மாதம் போனேன். வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பெற்று, நானும் என் இளைய மகனும் அந்தப் பெரியவரின் குதிரைகளுக்குப் பின்னால் நடந்தோம். மகன் மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிட்டான். நான் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டேன். முதல் ஒரு மணி நேரம் மனதில் வட்டிக் கணக்கு ஓடியது. இரண்டாவது மணி நேரத்தில் மூச்சுத் தவிர வேறு எதுவும் நினைவில்லை. பிறகுதான் கண் திறந்தது. காப்பிச் செடியின் சிவந்த பழம், அதற்கு நிழல் தரும் மரங்கள், மரத்தில் சுற்றிய மிளகுக் கொடி. நாற்பது ஆண்டு மிளகு விற்றிருக்கிறேன். கொடியில் பச்சைச் சரமாகத் தொங்குவதை அன்றுதான் கையில் தொட்டுப் பார்த்தேன்.

பாதி வழியில் குதிரைகளை நிறுத்திச் சுமை இறக்கினார் பெரியவர். ஒரு குதிரையின் விலாவில் புண் இருந்தது. பதினைந்து கிலோ எண்ணெய் டின்னின் விளிம்பு உரசி உரசி ஏற்பட்டது. அந்த டின்னை இத்தனை காலமும் கட்டிக் கொடுத்தது என் கடை. ஒரு சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தால் போதும். அது தெரியாமலே வியாபாரம் செய்திருக்கிறேன். அன்று முதல் மலைச் சரக்குக்கு டின்னைச் சாக்கில் பொதிந்துதான் கட்டுகிறோம். பேரமும் அதற்குப் பிறகு நான் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஊர் எல்லையில் இன்னொரு வேடிக்கை. ஊருக்குள் செருப்புப் போடக்கூடாது என்பது வெள்ளகவியின் வழக்கம். வீடுகளுக்கு நடுவே அத்தனை கோயில்கள். ஆசை ஆசையாக எண்ணெய் போட்டு, அடியில் டயர் அட்டை வைத்துத் தைத்து, பன்னிரண்டு ஆண்டு காப்பாற்றிய என் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதுவரை அது என்னைச் சுமந்தது. அதன்பின் நான் அதைச் சுமந்தேன்.

காட்டுக்குள் கூடாரம் போட எங்களுக்கு அனுமதி இல்லை. ஊரில் காப்பி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். இங்கே என் பை பற்றிச் சொல்ல வேண்டும். 1991-இல் லாரித் தார்ப்பாய் தைப்பவரிடம் சொல்லித் தைத்த கித்தான் பை அது. வார் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. உள்ளே ஒரு கருப்புக் கம்பளி, பவானி ஜமக்காளம், தூக்குவாளி, மூன்று கட்டை டார்ச். டார்ச்சுக்கு இப்போது எல்.இ.டி. பல்பு மாற்றியிருக்கிறேன். ஆயுத பூஜையன்று தராசு, படிக்கல், பேரேட்டுடன் அந்தப் பையும் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொள்ளும். என் மனைவிக்கு இதில் இன்றும் சிரிப்புத்தான்.

மகனிடம் இருந்தது இணையத்தில் வாங்கிய புதுப் பையும் புதுக் கூடாரமும். நியாயமாகச் சொல்கிறேன், அவன் பை என்னுடையதில் பாதி எடைகூட இல்லை. பனியில் நனைந்தால் கித்தான் பை ஈரச் சாக்கு மூட்டை போல் கனக்கும். ஆனால் முதல் இரவிலேயே கூடாரத்தின் ஜிப் பிய்ந்துவிட்டது. திரும்பி வந்து விற்றவர்களுக்கு எழுதினான். திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதோடு அதைப் பரணில் போட்டான். நான் எடுத்துப்போய் நம் கடைவீதியில் பெட்டி, பை பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் புது ஜிப் வைத்துக் கொடுத்தார். இன்றுவரை அது பிய்யவில்லை. இப்போது அந்தக் கூடாரத்தை மகன் யாருக்கும் இரவல் தருவதில்லை.

புதுப் பொருள் கூடாது என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் என்னைவிட அசடன் இருக்க முடியாது. விற்றால்தானே நமக்குச் சாப்பாடு. ஆனால் பழுது பார்க்கக் கூடிய பொருளை விற்பதும், பழுது பார்ப்பவர் தெருவில் இருப்பதும் இணையக் கடை தர முடியாத சரக்கு. அதை நாம் இன்னும் விலை போட்டு விற்கக் கற்றுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்பார்கள். நம் கடையில் இல்லாததா? அவல், வெல்லம், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், சுக்குத் தூள். முதல் வேளைக்குப் புளிச்சோறு கட்டிக்கொண்டால் போதும். பொட்டலத்தை மட்டும் திரும்பக் கொண்டு வர வேண்டும். அந்தப் பாதை நெடுகக் கிடந்த பிஸ்கட் உறைகளையும் ஷாம்பு பொட்டலங்களையும் பார்த்தபோது எதிலாவது என் கடை விலைச்சீட்டு இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை. நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

ஒன்றில் மட்டும் விளையாட்டுக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போடி நமக்குப் பக்கத்து ஊர். ஏலக்காய் வாங்கப் போய் வருகிற ஊர். அந்த வாரம் மண்டியில் யாரும் விலை பேசவில்லை. மாசி, பங்குனியில் மலையில் புல் வெடிமருந்து போல் கிடக்கும். அந்த மாதங்களில் வனத்துறையே பாதைகளை மூடிவிடுகிறது. அனுமதி இல்லாமல், உள்ளூர் ஆள் இல்லாமல், தெரிந்தவர் சொன்னார் என்று குறுக்குவழியில் போவதானால் என் யோசனையையே நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை முறைப்படி திறந்தது. இணையத்தில் பணம் கட்டிப் பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார். முதல் முறை போகிறவர்களுக்கு அதுதான் நல்லது.

கடையை யார் பார்ப்பது? இதுதான் செயற்குழுவில் கடைசியாக வந்த கேள்வி. மே 5 வணிகர் தினத்துக்கு அடைக்கிறோம். துக்கத்துக்கு அடைக்கிறோம். கடையடைப்பு என்று அறிவித்தாலும் அடைக்கிறோம். அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தால் பத்து நாள் அடைக்கிறோம். என்னோடு மொத்த வியாபாரம் செய்த நண்பர் ஒருவர் கடையை ஒரு நாள் கூட விட்டுப் பிரிந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். சர்க்கரையில் வலது கால் விரல்கள் போன பிறகு அவர் கடை ஆறு மாதம் பூட்டிக் கிடந்தது.

தை மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. பதினைந்து பேர் சேர்ந்தால் அனுமதிக்கு நானே விண்ணப்பம் எழுதுகிறேன். வருகிறவர்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பரணில் கிடக்கும் பையையும் கம்பளியையும் இறக்கி இரண்டு நாள் வெயிலில் போட்டு வையுங்கள். என் பையின் இடது வார் மறுபடியும் தேய்ந்திருக்கிறது. இந்த வாரம் தைக்கக் கொடுக்க வேண்டும்.