பின் கதவின் திறப்பு யாரிடம்?



"தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடுவீர்கள்?" என்று வகுப்பில் கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் முன் கதவைத்தான் காட்டினார்கள். பின் கதவின் திறப்பு யாரிடம் என்று எனக்கே தெரியவில்லை. 2004இல் கும்பகோணத்துப் பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம்.

2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் மாண்டார்கள். உயர்மாடிக் குடியிருப்புகளின் மாடி வரைபடங்கள் தாளிலும் கணினியிலும் தீயணைப்புப் படையிடம் முன்கூட்டியே இருக்க வேண்டும் என்றது விசாரணைக்குழு.

எங்கே புகை, எந்தக் கதவு பூட்டு என்று உடனே காட்டும் கட்டட மென்பொருள்கள் இன்று உண்டு. அது நமக்கு வரும்போது வரட்டும். வரைபடம் கீற ஒரு கொப்பித் தாள் போதும்.

பாடசாலை, பள்ளிவாசல், ரியூசன் வகுப்பு, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் கீறுவோம்: படிக்கட்டு, பின் கதவு, மெயின் சுவிட்ச், கிணறு, திறப்பு வைத்திருப்பவர். ஒரு பிரதி தீயணைப்புப் பிரிவுக்கு, ஒன்று சுவருக்கு. பிள்ளைகளே கீறினால் வழியும் மனதில் பதியும்.

என் வகுப்பில் இந்தக் கிழமையே தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ். உங்கள் கட்டடத்துக்கு யார் கீறப்போகிறீர்கள்?