லீவுக்கு ஸ்ரீரங்கம் வந்த குழந்தை திரும்பிப் போகணுமா? சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் ஜூன் மாத ஸ்கூல் லீவு. ஏழு வயசுக் குழந்தையோடு அம்மா விமானம் ஏறுகிறார். சுமார் நாலு மணி நேரத்தில் திருச்சி, அங்கிருந்து ஸ்ரீரங்கத்தில் தாத்தா வீடு. கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு. ஆனால் ஜூலை வந்தும் இருவரும் திரும்பவில்லை. குழந்தை இங்கேயே ஸ்கூலில் சேர்க்கப்படுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் அப்பா கோர்ட் படி ஏறுகிறார்.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இதே போன்ற கதைகள், ஊர் பெயர் மட்டும் மாறி, நம்ம கோர்ட்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

பெற்றோரே கடத்தல்காரரா?

ஒருவரின் சம்மதம் இல்லாமல் குழந்தையை இன்னொருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதையும், லீவு முடிந்தும் திருப்பி அனுப்பாமல் வைத்திருப்பதையும் தடுக்க 1980-ல் உருவானது ஹேக் ஒப்பந்தம். 16 வயதுக்குட்பட்ட குழந்தையை, அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குச் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே இதன் மையம். ஆறு வாரத்தில் முடிவு வரவில்லை என்றால், தாமதம் ஏன் என்று கேட்கலாம்.

முக்கியமான விஷயம்: திருப்பி அனுப்பச் சொல்வது, குழந்தை அப்பாவுக்கா அம்மாவுக்கா என்ற தீர்ப்பு இல்லை. அதை எந்த நாட்டுக் கோர்ட் விசாரிக்கணும் என்பதற்கான பதில் மட்டுமே.

இந்தியா இதில் இருக்கா?

இல்லை. 100-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. சிங்கப்பூரும் இலங்கையும்கூட இருக்கின்றன. அதனால் திருச்சி வழக்கு என்றால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடுவதே வழக்கமான வழி. தலைகீழாக, திருச்சியில் வளர்ந்த குழந்தையை யாராவது சிங்கப்பூருக்குக் கொண்டுபோனாலும், இந்த ஒப்பந்தத்தைக் காட்டி நம்மால் கேட்க முடியாது.

கோர்ட் என்ன சொல்லியிருக்கு?

2012-ல் பிரிட்டனிலிருந்து இரண்டு மகள்களோடு ஒரு தாய் கோவை வந்தார். உயர் நீதிமன்றம் தந்தையின் மனுவை ஏற்கவில்லை. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பிரிட்டன் போகணும் என்றது. இடையில் போனது இரண்டரை வருஷம்.

2017-ல், டெல்லிக்கு வந்த ஒரு சிறுமியின் வழக்கில், மூன்று நீதிபதிகள் அமர்வு வேறு பாதையைக் காட்டியது. வெளிநாட்டு கோர்ட் உத்தரவு கவனிக்க வேண்டிய விஷயங்களில் ஒன்றுதான், குழந்தையின் நலனே பெரிது என்று சொல்லி, தாயிடமே இருக்க அனுமதித்தது. 2022-ல், தந்தை சென்னைக்கு அழைத்து வந்த பிள்ளைகளை அமெரிக்காவில் இருக்கும் தாயிடம் அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம்.

'குழந்தையின் நலன்' என்ற அளவுகோல் சரியானதுதான். ஆனால் அதை எத்தனை நாளில் அளக்கணும் என்று சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை.

ஏன் தயக்கம்?

காரணம் நியாயமானது. அடி, மிரட்டலுக்குப் பயந்து பிறந்த வீட்டுக்கு ஓடி வரும் பெண்ணை, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? குழந்தைக்குக் கடுமையான ஆபத்து இருந்தால் அனுப்ப வேண்டியதில்லை என்று ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. ஆனால் தாய் மீதான வன்முறை பற்றி அதில் நேரடியாக ஒரு வார்த்தையும் இல்லை.

அதற்குத் தீர்வு, சட்டமே போடாமல் இருப்பது கிடையாது. சட்ட ஆணையம் 2009-லும் 2016-லும் இதைப் பேசியது. 2018-ல் நீதிபதி ராஜேஷ் பிந்தல் குழு ஒரு வரைவும் கொடுத்தது. குடும்ப வன்முறையை விலக்காக வெளிப்படையாக எழுதி, முடிவுக்கு நாள் குறித்து, அந்த வேலையை முடிக்க வேண்டும்.

ஏழு வயசில் வந்த குழந்தைக்கு இரண்டரை வருஷத்தில் புது ஸ்கூல், புது நண்பர்கள், புது பேச்சு எல்லாம் வந்துவிடும். அப்புறம் வரும் தீர்ப்பு எதுவானாலும், குழந்தை ஒரு வீட்டை இழக்கத்தான் செய்யும்.