காரணம் சொல்லாமல் மீண்டும் சிறையா?



ஆயுள் தண்டனை பெற்ற ஒருவர் பல ஆண்டுகள் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருந்துவிட்டு, தண்டனைக் குறைப்பில் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வலை பின்னியோ, ரப்பர் பால் வெட்டியோ பிழைக்கிறார். பழைய பகையை மனதில் வைத்து ஒருவர் அவர்மேல் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கிறார். அந்த ஒரு புகாருக்காக அவரை மீண்டும் சிறையில் அடைக்கலாமா?

தண்டனைக் குறைப்பின் நிபந்தனையை மீறியதாகக் கருதினால் அரசு அதை ரத்து செய்யலாம். பிடியாணை இல்லாமலே போலீசார் கைது செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432-ஆம் பிரிவு இப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 473-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

இந்த அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 21 அன்று ஓர் எல்லை வகுத்தது. குஜராத் கைதி ஒருவரின் வழக்கில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அளித்த தீர்ப்பு அது. வழக்குப் பதிவானது மட்டுமே ரத்துக்குக் காரணமாகாது. என்ன மீறல் என்று குறிப்பிட்டு முதலில் நோட்டீஸ் தர வேண்டும். பதில் சொல்லவும் நேரில் எடுத்துரைக்கவும் வாய்ப்பளிக்க வேண்டும். ரத்து ஆணையில் சுருக்கமாகவாவது காரணம் எழுத வேண்டும். 'ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்' என்பது போன்ற தெளிவற்ற நிபந்தனையையும் நீதிமன்றம் நீக்கியது.

அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1972-ல் பரோல் ரத்து பற்றிய வழக்கில் எழுத்து மூலமான அறிவிப்பும் விசாரணையும் கட்டாயம் என்றது.

"கொலை செய்தவனுக்கு இவ்வளவு சலுகையா?" என்று சிலர் கேட்கலாம். உறவை இழந்த குடும்பத்தின் கண்ணீரை நாம் மறக்கக்கூடாது. ஆனால் நோட்டீஸ் கொடுப்பதால் எவரும் தப்பிவிடுவதில்லை. மீறல் உண்மையானால் சிறைக்கதவு திறந்தே இருக்கிறது. பொய்யானால் ஒரு குடும்பம் மீண்டும் சிதையாமல் காக்கப்படுகிறது.

இது நமக்குப் புதிய செய்தியுமல்ல. எருசலேமில் பவுலுக்கு எதிராகத் தீர்ப்புக் கேட்டவர்களிடம், குற்றம் சாட்டியவர்களை நேருக்கு நேர் சந்தித்துப் பதில் சொல்லும் வாய்ப்பின்றி எவரையும் கையளிப்பது உரோமையர் வழக்கமல்ல என்று ஆளுநர் பெஸ்து மறுத்தார் (திருத்தூதர் பணிகள் 25). பிற இனத்து ஆளுநருக்கே விளங்கிய நியாயம் அது.

உங்கள் பங்கில் இத்தகைய நோட்டீஸ் பெற்ற குடும்பம் இருந்தால், பயந்து அதை ஒளித்துவைக்க விடாதீர்கள். குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர உதவுங்கள். நாகர்கோவிலிலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், சிறையில் இருப்பவர்களும் பெண்களும் இலவச சட்ட உதவி பெறலாம். சிறையிலிருந்து திரும்பியவரை ஊர் எப்படி நடத்துகிறது? ஒரு புகார் வந்ததும், அவர் வாய் திறக்கும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோமா? சிந்திப்போம்.